காணொலிப் பாடங்களும் சேமிப்பிடக் கட்டணமும்

(ஜேடர்பாளையத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பெருந்தொற்றுக் காலத்தில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து பத்தாம் வகுப்புப் பாடங்களைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். விளம்பரம் குறுக்கிடக் கூடாது என்று கட்டணச் சேவை ஒன்றில் ஏற்றினோம். கைக்காசுதான். முதல் மாதத் தொகை சிறியது; நான்காம் மாதம் அது மூன்று மடங்காகியிருந்தது. பிள்ளைகள் நிறையப் பார்க்கிறார்கள் போலும் என்று மகிழ்ந்தோம். பார்வை எண்ணிக்கையைப் பார்த்தால், அது குறைந்திருந்தது!

அந்தச் சேவை அளந்தது பார்வையை அல்ல, சேமித்து வைத்த அளவை. இந்த வேறுபாடு காவிரிக் கரையில் இருக்கும் நமக்குப் புதிதல்ல. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் இருப்பு 93.47 டி.எம்.சி. என்கிறோம். இங்கே படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்காலில் போவதை விநாடிக்கு இத்தனை கன அடி என்கிறோம். ஒன்று இருப்பு, மற்றது ஓட்டம். காணொலிச் சேவைகளில் சில இருப்புக்குப் பணம் கேட்கும், சில ஓட்டத்துக்கு, சில இரண்டுக்கும். இருப்புக்குக் கட்டுவது குடோன் வாடகை மாதிரி. மூட்டையை யாரும் வந்து பார்க்காவிட்டாலும் வாடகை உண்டு.

எங்கள் இருப்பு எப்படிப் பெருகியது? கணக்கு ஆசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். விநாடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிவானால், 8 பிட் ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 2 மெகாபைட். நிமிடத்துக்கு 120. 40 நிமிடப் பாடம் 4,800 மெகாபைட். ஏறக்குறைய 5 ஜிபி. அதே பாடத்தை 2 மெகாபிட் வேகத்துக்குச் சுருக்கினால் 600 மெகாபைட்தான். எட்டில் ஒரு பங்கு. கரும்பலகைப் பாடத்தில் அசைவு குறைவு. சுருக்கிய பின்னும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. நாங்களோ சுருக்காமல் ஏற்றினோம். அதுவும் போதாதென்று, பிழை திருத்திய பிரதியை ஏற்றியபோதெல்லாம் பழையதை நீக்காமல் விட்டோம். ஒரே தேற்றத்துக்கு மூன்று பிரதிகள்!

எல்லாச் சேவைக்கும் இந்த வழி பொருந்தாது. கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம் ஜிபியைப் பார்ப்பதில்லை. சேமித்த நிமிடத்துக்கும் பார்த்த நிமிடத்துக்கும் கட்டணம் வாங்குகிறது. அங்கே சுருக்கிப் பயனில்லை, பாடத்தைத்தான் குறுக்க வேண்டும். சில பாடங்களை ஏராளமான பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றால் இருப்புக் கட்டணம் மட்டும் வாங்கும் சேவை நமக்கு லாபம். பாடங்கள் நூற்றுக்கணக்கில், பார்ப்பவர் ஒரு வகுப்பு மட்டும் என்றால் ஓட்டக் கட்டணமே மேல்.

இலவசம்தானே என்று இருப்பவர்களுக்கும் ஒன்று. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றிச் சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், 2021 பிப்ரவரியில் அதை மாற்றப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலை முதல், நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்பதே அடிப்படை அளவு. பெரிய பல்கலைக்கழகங்களே பழைய கோப்புகளை நீக்க உட்கார வேண்டியதாயிற்று. யூடியூப் ஏற்றுபவரிடம் இடவாடகை கேட்பதில்லை. விளம்பர வருமானம் அதைச் சுமக்கிறது. கைப்பேசி எண்ணைச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொலியை ஏற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பணம் கட்டுமுன் சேவையாளரிடம் கேளுங்கள்: வெவ்வேறு தரத்தில் அவர்களே உருவாக்கும் பிரதிகளும் நம் கணக்கில் சேருமா? நீக்கியது குப்பைத்தொட்டியில் இருக்கும்வரை வாடகை ஓடுமா? சந்தா நின்றால் எத்தனை நாளில் அழிப்பார்கள்?

மூன்றாவதை நாங்கள் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் கட்ட இயலாமல் விட்டோம். சில பாடங்களின் மூலப்பதிவு கைப்பேசியிலும் இல்லை. இடம் போதவில்லை என்று அழித்திருந்தோம். பள்ளி திறந்த பின் ஒரு மாணவி நோட்டில் எழுதி வைத்திருந்த இணைப்பைக் காட்டி, "சார், இது திறக்கவே மாட்டேங்குது" என்றாள். முக்கோணவியல் பாடம் அது. அன்று மாலை அவளுக்கு மட்டும் மறுபடி நடத்தினேன்.

சரி, கைப்பேசியை எடுங்கள். உங்கள் பாடப்பதிவு ஒன்றின் அளவையும் நிமிடத்தையும் சொல்லுங்கள். பலகையில் எழுதிக் கணக்குப் போடுவோம்.