குழந்தையின் கண்ணில் தோன்றும் வெண்மை

(நமது சங்கத்தின் ஸ்ரீபெரும்புதூர்க் கிளைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



யான் பிரசங்கம் செய்து பழகியவன் அல்லேன். ஒரகடத்தில் மோட்டார் வண்டிகள் செய்யும் தொழிற்சாலையொன்றில், வர்ணம் பூசும் பகுதியில் சோதனை பார்க்கும் வேலையில் இருப்பவன். பிரகாசமான விளக்குகளின் கீழ் வரிசையாக வரும் வண்டிகளைக் கண்ணால் துழாவி, மயிரிழை போன்ற கீறலோ கடுகளவான கொப்புளமோ இருப்பின் அடையாளமிட்டு நிறுத்துவதே என் ஊழியம். அதில் யான் தவறியதாக மேலதிகாரிகள் ஒருநாளும் கூறியதில்லை. அத்தகைய என் கண்கள், என் சொந்த மகளின் கண்ணில் தோன்றிய வெண்மையை நான்கு மாதகாலம் கண்டும் காணாதிருந்தன. நம் காரியதரிசி அவர்கள் தொழில் அபிவிருத்தியைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டார்கள். யான் இவ்விஷயத்தைப் பேச அனுமதி வேண்டினேன், அன்புடன் அளித்தார்கள். அவர்கட்கு என் வந்தனம்.

என் மகளுக்கு ஆண்டு நிறைந்தபோது காதணி விழா நடத்தினோம். வந்திருந்த உறவினர் பலரும் தத்தம் கைப்பேசியில் படம் பிடித்தனர். பல படங்களில் குழந்தையின் இடக்கண் சிவந்தும், வலக்கண் முத்துப்போல் வெளுத்தும் தோன்றின. விளக்கின் கோளாறு என்று எண்ணினோம். பின்னர் அக்கண் சற்றே ஒருபுறம் சாய்ந்தது. "மாறுகண் அதிருஷ்டம்" என்றார் ஒருவர். "அந்தி வேளையில் பூனைக்கண்போல் மின்னுகிறது, லக்ஷ்மீகரம்" என்றார் மற்றொருவர். அருகிலிருந்த வைத்தியர் ஒருவர் சொட்டு மருந்து கொடுத்து, வளர வளரச் சரியாகும் என்று அனுப்பினார். அச்சொல்லை நம்ப எங்கட்கு விருப்பமிருந்தது, ஆதலின் நம்பினோம்.

உண்மையைச் சொன்னவர் நம் குலத்தவர் அல்லர். நம் மாகாணத்தவரும் அல்லர். என்னோடு வேலை செய்யும் ஒடிசா தேசத்து இளைஞர் ஒருவர், இராவேலையின் இடைவேளையில் என் கைப்பேசியிலிருந்த படத்தைக் கண்டு முகம் வாடினார். தம் கிராமத்தில் ஒரு குழந்தைக்கு இவ்வாறே கண் வெளுத்ததென்றும், அக்குழந்தை பிழைக்கவில்லையென்றும் அரைகுறைத் தமிழில் கூறினார். மறுநாட் காலை வேலை முடிந்ததும் வீட்டிற்குச் சென்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டோம்.

நோய்க்குப் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. கண்ணின் உட்புறத்தே ஒளியை ஏற்கும் விழித்திரையில் உண்டாகும் புற்றுநோய் இது. பதினையாயிரம் முதல் இருபதினாயிரம் குழந்தைகளுள் ஒன்றற்கு வரும். பெரும்பாலும் ஐந்து வயதிற்குள்ளே வரும். கருமணியின் வழியே உட்செல்லும் ஒளி, ஆரோக்கியமான கண்ணில் செந்நிறமாய்த் திரும்பும். உள்ளே கட்டி இருப்பின் அதன்மேற் பட்டு வெண்மையாய்த் திரும்பும். படத்தில் யாம் கண்ட முத்து அதுவே. வெண்மை தோன்றுவதெல்லாம் புற்றுநோயாகாது. கண்புரை முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் எக்காரணமாயினும் குழந்தையின் கண்ணில் வெண்மையோ, நீங்காத மாறுகண்ணோ தோன்றின், கருமணியை விரியச் செய்து உள்ளே பார்க்கும் கண்வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும். சொட்டு மருந்து இட்டுக் காத்திருத்தல் கூடாது.

இந்நோயைத் தனி நோயென்று வகுத்துரைத்து, கண்ணை அகற்றி உயிரைக் காக்கலாம் என்று வற்புறுத்தியவர் ஜேம்ஸ் வார்ட்ராப் என்னும் ஸ்காத்லாந்து வைத்தியர். அது 1809-ம் வருஷம். குருடர்க்கு எழுத்துத் தந்த லூயி பிரெயில் பிறந்ததும் அதே வருஷமே. நம் குடும்பத்திற்கு இவ்விருவரும் வேண்டியவராயினர்.

வைத்தியர்கள் எங்களிடம் ஒரு முறையைக் கூறினர். முதலில் உயிர், அடுத்துக் கண், அதற்கடுத்தே பார்வை. இவ்வரிசையை மாற்றுவோர் மூன்றையும் இழப்பர். கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்வரை குழந்தை பிழைப்பது பெரும்பாலும் உறுதி. நல்ல சிகிச்சை காலத்தில் கிடைக்கும் நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன. பார்வை நரம்பின் வழியே அது மூளையை நாடினாலோ, இரத்தத்தில் கலந்து எலும்பை அடைந்தாலோ நிலைமை வேறு. ஊசியால் குத்திச் சதை எடுத்துச் சோதிப்பதும் இந்நோயில் வழக்கமன்று. குத்திய வழியே நோய் வெளிப்படக் கூடுமாதலின், மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பார்த்தும், படங்கள் எடுத்துமே நிச்சயிக்கின்றனர்.

என் மகளின் வலக்கண் நிறையக் கட்டி. இடக்கண்ணிலும் சிறியவை இரண்டு. வலக்கண்ணை எடுத்தே ஆகவேண்டும் என்றனர். இச்செய்தி ஊரை எட்டியதும் பெரியோர் பலர் கூடினர். "பெண்குழந்தையாயிற்றே, மூளியாக்கலாமா? நாளை யார் மணப்பார்?" என்றனர். பதினாறு மாதக் குழந்தையின் உயிர் ஊசலாடும்போது, அதன் கலியாணத்தை எண்ணி அஞ்சினோம்! அவ்வச்சத்தில் மேலும் பன்னிரண்டு நாள் கழிந்தது. அந்நாட்களை நினைக்க இப்பொழுதும் நெஞ்சு நடுங்குகின்றது. முடிவில் என் மனைவியே, "கண்ணில்லாத மகள் எனக்குப் போதும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டாள்.

கண்ணை எடுத்த குழியில் ஓர் உருண்டையைப் பதித்துத் தசைகளால் மூடுகின்றனர். சில வாரங்கள் கழித்து, மற்றக் கண்ணைப் போலவே வர்ணந் தீட்டிய செயற்கைக் கண்ணைப் பொருத்துகின்றனர். குழந்தை வளர வளர அதனை மாற்றுதல் வேண்டும். இடக்கண்ணுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கொருமுறையாக ஆறு தடவை இரத்தக்குழாய் வழியே மருந்தும், இடையிடையே லேசர் சிகிச்சையும் நடந்தன. அம்மருந்து நடக்கும் காலத்தில் குழந்தைக்குச் சுரம் கண்டால் கைவைத்தியம் பார்த்திருத்தல் ஆகாது; நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கண் நிலைத்தது, பார்வை ஒரு பங்கே நிலைத்தது.

இனி, இச்சபையில் யான் முக்கியமாகக் கூற வந்ததைக் கூறுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்த மாதத்திலேயே, "பெண் எடுத்த இடம் சரியில்லை" என்ற பேச்சு எழுந்தது. என் மனைவி எனக்கு அத்தை மகள். "சொந்தத்திலே கட்டியதன் பலன்" என்றனர் சிலர். "தாய்வழிச் சாபம்" என்றனர் சிலர். எட்டு மாதம் அவள் எந்தச் சுபகாரியத்திற்கும் செல்லவில்லை. எவரும் மனமார அழைக்கவுமில்லை.

சகோதரர்களே! நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் ஆர்.பி.1 என்னும் மரபணு இரண்டு பிரதியாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது. ஒன்று தாய் தந்தது. அஃது அணுக்கள் அளவின்றிப் பெருகாமல் தடுக்கும் காவலாளி. இரண்டு காவலாளரும் வீழ்ந்தால்தான் கட்டி வளரும். இதனை 1971-ல் ஆல்பிரெட் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் ஊகித்துணர்ந்தார். 1986-ல் அம்மரபணுவே பிரித்தறியப்பட்டது. இரு கண்ணிலும் நோய் கண்ட குழந்தைகட்கு ஒரு பிரதி பிறவியிலேயே பழுதுற்றிருக்கும். ஆயின், அக்குழந்தைகளுட் பெரும்பாலோர்க்குப் பெற்றோர் எவரிடமும் அப்பழுது இருப்பதில்லை. கருவுறும் காலத்தில் புதிதாக நேர்ந்த பிழையே அது. அங்ஙனம் புதிதாக நேரும் பிழையும், மிகப் பெரும்பாலும் தந்தை தரும் பிரதியிலேயே நேர்வதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். எங்கள் இருவர் இரத்தத்தையும் சோதித்தனர், இருவரிடமும் பழுதில்லை. எட்டு மாதம் தலைகுனிந்திருந்தவள் என் மனைவி. பிழை நேர்ந்திருக்கக்கூடிய இடமோ பெரும்பாலும் என்னுடையது! அதற்காகத் தந்தையைப் பழிப்பதும் அறியாமையே. உறவில் மணத்தால் வேறு சில நோய்கள் மிகும் என்பது மெய். இந்நோய்க்கு அது காரணமன்று.

மற்றொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். என் மகள் நாளை தாயாகுங்கால், அவள் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்பழுது செல்லப் பாதிக்குப் பாதி இடமுண்டு. முன்னரே அறிந்திருந்தால், பிறந்த நாள்முதல் கண்ணைச் சோதித்து, கடுகளவில் கட்டியைக் கண்டு, கண்ணையும் பார்வையையும் காக்கலாம். ஆதலின் மணம் பேசுங்கால் இதனைச் சொல்லியே பேசுவோம். மறைத்து நடக்கும் கலியாணத்தில் பாதிக்கப்படுவது பிறக்கப்போகும் சிசுவே. என் இரண்டாவது மகனையும் பிறந்த சில நாட்களிலேயே காட்டினோம். இறைவன் கிருபையால் அவனுக்கு ஒன்றுமில்லை.

இப்பொழுது என் மகளுக்கு எட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். பெரிய எழுத்தைக் கண்ணாலும், பிரெயில் எழுத்தை விரலாலும் வாசிக்கிறாள். எஞ்சிய கண்ணுக்குக் காவலாக எளிதில் உடையாத கண்ணாடி அணிந்தே விளையாடுவாள். முதலில் யாங்கள் அவளை இடுப்பை விட்டு இறக்காது வளர்த்தோம். அது தவறென்று பின்னர் உணர்ந்தோம். வீட்டில் பொருள்களை வைத்த இடத்திலேயே வைத்தல், அருகில் வருங்கால் பெயர் சொல்லி வருதல், "அங்கே" என்னாமல் "உன் இடக்கைப் பக்கம்" என்று கூறுதல், விழுந்தால் ஓடிச்சென்று தூக்காமல் எழப் பொறுத்திருத்தல்: இவையே யாங்கள் கற்ற பாடங்கள். கிணற்றடியில் தண்ணீர் எடுக்கவும், வெங்காயம் உரிக்கவும், கடைக்குச் சென்று சில்லறை எண்ணி வாங்கவும் அறிவாள்.

உதவிகள் நமக்குத் தொலைவில் இல்லை. எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819-ல் ஏற்பட்டது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954-ல் நிறுவிய புற்றுநோய் நிலையம் உள்ளது. நுங்கம்பாக்கத்தில் 1978-ல் டாக்டர் பத்ரிநாத் அவர்கள் தொடங்கிய சங்கர நேத்திராலயம் உள்ளது. சென்னைக்குப் போகும் வழியிலேயே, பூவிருந்தவல்லியில், பார்வையற்றோர்க்கு அரசாங்கப் பள்ளிக்கூடமும், மத்திய சர்க்காரின் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. தொழிலாளர்க்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஏழைகட்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2016-ம் வருஷத்துச் சட்டப்படி, நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் குறையுள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. இவற்றை நாடுவது பிச்சையன்று.

நம் ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த திருத்தலம். அவருடைய சீடர் கூரத்தாழ்வான் கண்களை இழந்த பின்னரும் ஆசாரியராகவே விளங்கினார் என்று குருபரம்பரைகள் கூறுகின்றன. பொன்விளைந்தகளத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் எழுதச் செய்து எழுத்துக் கற்றார் என்பது வழக்கு. யாரோ ஒருவர் பொறுமையுடன் அம்முதுகில் விரலால் எழுதியிராவிடின், புலவர் ஏது? அவர் பாடிய உலாவும் பிள்ளைத்தமிழும் ஏது?

ஆதலின் இச்சங்கத்தாரை மூன்று வேண்டுகிறேன். நம் குழந்தைகளுக்கு ஆண்டு நிறைவு கொண்டாடும்போது, ஜாதகம் கணிப்பதோடு கண்ணையும் காட்டுங்கள். நோயுற்ற குழந்தையின் தாயைப் பழியாதீர்கள்; சுபகாரியங்களுக்கு அவளை முதலில் அழையுங்கள். சென்னைக்கு மாதந்தோறும் போய்வரச் சிகிச்சைச் செலவினும் கூலியிழப்பே பெரிதாகும் ஏழைக் குடும்பங்களுக்கு, நம் கல்யாண நிதியைப் போலவே ஒரு பிரயாண நிதி ஏற்படுத்துங்கள். அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இன்றே காரியதரிசி அவர்களிடம் ஒப்புவிக்கிறேன். அந்நிதியை நம் குலத்தார்க்கு மட்டும் என்று வரையறுக்க வேண்டா என்பதும் என் வேண்டுகோள். என் மகளைக் காப்பாற்றிய சொல் ஒடிசாக்காரர் வாயினின்று வந்தது.