கூட்டுக் குடும்பமும் தனிக் குடும்பமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூட்டுக் குடும்பம் சிதைந்தமையாற் சமூகமும் சீர்குலைந்தது என்னும் கூற்று நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. ஆதலின், நம்மவர் மீண்டும் கூட்டுக் குடும்பமாய் வாழ வேண்டுமெனச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும் என்று அன்பர் சிலர் கோரியுள்ளனர். அவர்தம் நோக்கம் நன்றே. முதியோர் தனித்து வருந்துதல் கண்டு எழுந்த கோரிக்கை அது. ஆயினும், அத்தீர்மானத்தால் அம்முதியோர்க்குப் பயன் விளையுமா என்பதை ஆராய்ந்த பின்னரே நாம் அதற்கு இசைதல் தகும்.

முதற்கண், குடும்பமாவது யாது? மக்கட்டொகைக் கணக்கெடுப்போர் ஒரே சமையலில் உண்டு வாழ்வோரை ஒரு குடும்பமாகக் கொள்வர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 இலட்சம். குடும்பங்கள் ஏறத்தாழ 1 கோடியே 85 இலட்சம். குடும்பம் ஒன்றுக்கு நால்வரினும் சற்றுக் குறைவு. இதுகொண்டு தனிக் குடும்பமே மிக்கது என்பர். இஃது அடுப்புகளை எண்ணிய கணக்கு. ஓர் அடுப்பினர் மற்றோர் அடுப்பினர்க்குச் செய்யும் கடமையை இஃது உணர்த்தாது.

சமூகவியல் அறிஞர் ஐ. பி. தேசாய் இதனை நன்குணர்ந்தவர். சௌராட்டிரத்து மகுவா என்னும் ஊரில் 423 குடும்பங்களை ஆராய்ந்து 1964-ஆம் ஆண்டில் அவர் நூல் வெளியிட்டார். வேறு வேறு மனைகளில் உறைவோரும் சொத்தினாலும் பரஸ்பரக் கடமைகளாலும் பெரும்பாலும் பிணிப்புண்டிருத்தலை அந்நூலில் எடுத்துக்காட்டினார். உறையுள் பிரிந்தமை ஒன்றே கொண்டு குடும்பம் பிரிந்ததெனக் கூறலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வளவு தொலைவு செல்லுதலும் வேண்டா. செட்டிநாட்டு நகரத்தார் மனைகளில் வழங்கிவந்த முறையை நோக்குமின். பெரிய மனையொன்றில் தந்தையும் மணமான புதல்வர் பலரும் ஒருங்கே உறைவர். எனினும், மணமான மகனை உரிய காலத்தில் 'வேறு வைத்தல்' மரபு. அவனும் மனைவியும் தமக்கென அடுப்பு மூட்டித் தமக்கென அளிக்கப்பட்ட பொருளுக்குள் செலவு செய்வர். மணமானவன் ஒரு 'புள்ளி'யாய் எண்ணப்பட்டுக் கோயில் வரி இறுப்பான். இங்ஙனம் மனை ஒன்றாகவும் அடுப்புப் பலவாகவும் அமைந்தன. மாமியார் மருமகள் பூசலுக்கு இடம் சுருங்கியது. இளையோர் சிக்கனம் பயின்றனர். இக்குடும்பம் கூட்டா, தனியா? இரண்டின் நலனும் இதன்கண் உண்டு என்பதே விடையாம்.

இனி, மலைநாட்டு நாயர்களின் தறவாடு தாய்வழிப்பட்ட கூட்டுக் குடும்பம். காரணவர் எனப்படும் மூத்த ஆண்மகன் சொத்தை ஆண்டான். ஆங்கு ஒருவனுடைய மக்கள் அவன் தறவாட்டைச் சார்ந்தோர் ஆகார். தம் தாயின் தறவாட்டையே சார்வர். காரணவர்க்கும் இளையோர்க்கும் வழக்குகள் பெருகின. திருவிதாங்கூரில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழி திறந்தது. முடிவில், 1975-ஆம் ஆண்டிற் கேரள நாட்டார் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கிச் சட்டம் இயற்றினர். உள்ளிருப்போர்க்கு நீதி குறையின் எத்துணைப் பழமையான அமைப்பும் நில்லாது என்பதற்கு இது சான்று.

நம் பழைய கூட்டுக் குடும்பத்திலும் எல்லாரும் இன்புற்றிருந்தனர் என்பது பொருந்தாது. பிரியாத குடும்பத்திற் கணவனை இழந்தாள் ஒருத்திக்கு முன்னாளில் உணவும் உடையுமன்றிப் பங்கில்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வாழ்நாள் அளவான உரிமையையே நல்கிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டமே முழுவுரிமை ஈந்தது. மகளிர்க்குப் பிறந்தவீட்டுப் பூர்விகச் சொத்திற் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டிலும் வந்தது. முன்னதில் அதற்கு முன் மணமான மகளிர் விலக்கப்பட்டிருந்தனர். பின்னது அவ்விலக்கையும் போக்கிற்று. விடியுமுன் எழுந்து இருபதின்மர்க்குச் சமைத்த இளைய மருமகளைக் கேளாது, கூட்டுக் குடும்பத்தின் பெருமையை ஆடவர் மட்டும் பேசுதல் அறமன்று.

திருவள்ளுவர் இல்வாழ்வான் ஓம்பத் தக்கார் ஐவரை வகுத்தபோது சுற்றத்தாரையும் அவருள் வைத்தார். அவர்கள் ஒரு கூரையின்கீழ் இருத்தல் வேண்டும் என்று விதித்தாரல்லர். ஓம்புதலே அவர் கருதியது. மகன் சென்னையிலும் மகள் சிங்கப்பூரிலும் தொழில் பற்றி வாழுங் காலத்தில் நாமும் அதனையே பற்றுதல் வேண்டும்.

ஆதலின், கோரப்பட்ட தீர்மானத்திற்கு ஈடாக மூன்று செயல்களை இவ்வவை முன் வைக்கின்றோம். ஒன்று: பெற்றோர் தம் சொத்தை மக்கட்கு எழுதி வைக்குங்கால், தம்மைப் பேணுதல் வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவித்தல். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நிபந்தனை பிழைத்தாரிடமிருந்து சொத்தை மீட்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நிபந்தனை எழுதாது கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். இரண்டு: சீர்வரிசையைக் காட்டி உடன்பிறந்த மகளிரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கத்தை நம்மவர் கைவிடுதல். பெற்றோரைப் பேணும் கடமையை அச்சட்டம் மகனுக்கும் மகளுக்கும் ஒப்ப விதிக்கின்றது. கடமையை ஒப்பக் கேட்டுப் பங்கை மறுத்தல் முறையோ? மூன்று: ஊர்தோறும் தனித்து வாழும் முதியோர் பெயரைச் சங்கக் கிளையினர் எழுதி வைத்து, வாரம் ஒருமுறையேனும் சென்று கண்டு வருதல்.

மூன்றாவது செயலுக்குப் பொருட்செலவு இல்லை, கால்களே வேண்டும். இளைஞர்கள் இன்று இவ்வவையிலேயே தம் பெயரைச் செயலாளரிடம் பதிந்து செல்வாராக. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைபுரிக.