துணிக்கு நீலம் தரும் அவுரி
(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் பேசிய உரை)



கருநீலக் கைத்தறிச் சேலை ஒன்றைப் பார்க்கிறோம். நெய்தவர் நெசவாளி, நூலுக்குச் சாயம் போட்டவர் சாயக்காரர். அந்த நீலம் எங்கே விளைந்தது? இயற்கைச் சாயமாக இருந்தால், அது உங்களைப் போன்ற ஒரு விவசாயியின் கொல்லையில் விளைந்தது. பயிரின் பெயர் அவுரி. நீலி என்றும் சொல்வார்கள்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இது பழைய பயிர். 19-ஆம் நூற்றாண்டில் அவுரி நீலம் தோய்த்த துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போயிற்று. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. விலை மலிவு. அதோடு அவுரிச் சாகுபடி படுத்துவிட்டது. இப்போது இயற்கைச் சாயத் துணியைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தலைச்சாயத்துக்கும் இலைப்பொடி கேட்கிறார்கள். ஆகவே மறுபடி விதை தேடுகிறோம்.

விதை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தென்மாவட்டங்களில் சில ஊர்களில் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்வார்கள். அது மலமிளக்கி மருந்துச் செடி, பூ மஞ்சள். சாய அவுரியின் பூ இளஞ்சிவப்பு. எந்த அவுரி என்று கேட்டு வாங்குங்கள்.

கொழிஞ்சி உங்களுக்குத் தெரியும். அவுரியும் அதைப்போல மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிற பயிர்தான். தண்ணீர் தேங்காத நிலம் வேண்டும். விதைத்தோல் கெட்டியாக இருப்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு சீராக வரும். முதல் மாதம் களை எடுத்துக் கொடுத்துவிட்டால், பிறகு செடி தானே மூடிக்கொள்ளும்.

சரி, எப்போது வெட்டுவது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறோம். சாயச்சத்து இருப்பது இலையில், தண்டில் இல்லை. சுமார் மூன்று மாதத்தில் மொட்டு கட்டத் தொடங்கும். அதுதான் வெட்டும் பருவம். ‘இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடுமே’ என்று நினைக்காதீங்க. எடை கூடும், ஆனால் கூடுவது தண்டு. அடி இலை உதிர்ந்துபோகும். ஒரு சாண் கட்டை விட்டு வெட்டி, ஈரம் கொடுத்தால் மறுதாம்பும் வரும்.

விடியற்காலையில் வெட்டி, அன்றைக்கே தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குவித்துப் போட்டால் தழை சூடேறும், சாயம் பாழாகும். தொட்டியில் தழையை அமுக்கித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். மறுநாள் பச்சை கலந்த மஞ்சளாக இறங்கும் நீரைக் கீழ்த்தொட்டியில் விட்டு, காற்றுப் படும்படி இரண்டு மூன்று மணி நேரம் அடிப்பார்கள். நீர் நீலமாக மாறும். அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக வெட்டி நிழலில் உலர்த்துவார்கள். நூறு கிலோ பச்சைத் தழைக்கு அரைக் கிலோ நீலக்கட்டி கிடைத்தாலே நல்ல பலன். ஊறிய தழை வீணில்லை, அருமையான எரு. கேட்டு வாங்கி வந்து வயலில் போடுங்கள்.

இனி அந்தக் கட்டி சாயக்காரர் கைக்குப் போகிறது. நீலம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை இவற்றைச் சேர்த்துச் சாலில் புளிக்க வைக்கிறார்கள். மணத்தையும் நுரையையும் பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவார் சாயக்காரர். நூலை முக்கி எடுத்தால் முதலில் மஞ்சள் பச்சை. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம்! கருநீலம் வேண்டுமென்றால் பலமுறை முக்கி, பலமுறை உலர்த்த வேண்டும்.

கட்டியில் மண் கலந்திருந்தாலோ, வாடிய தழையில் எடுத்திருந்தாலோ என்ன ஆகும்? ஒரு சிட்டம் வெளுப்பாகவும் ஒரு சிட்டம் கறுப்பாகவும் வரும். அது பாவில் ஏறிவிட்டால் சேலை முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும். நெய்து முடித்த சேலையைப் பிரிக்க முடியுமா? கூலி குறைவது நெசவாளிக்கு. அடுத்த தடவை நம் தழையை வாங்க ஆள் வரமாட்டார். அது நமக்கு நஷ்டம். நாம் தாமதித்த ஒரு நாள், தறியில் போய்த் தெரிகிறது பார்த்தீங்களா?

கடைசியாக ஒன்று. அவுரிக்கு ஒரு கசப்பான பழங்கதை உண்டு. பீகாரில் சம்பாரண் மாவட்டத்தில், நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கு அவுரி போட்டே ஆக வேண்டும் என்று தோட்டத் துரைகள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். விலையும் அவர்கள் வைத்ததுதான். 1917-இல் காந்தியடிகள் அங்கே போய்ப் போராடிய பிறகே அந்த முறை ஒழிந்தது. இன்று நம்மைக் கட்டாயப்படுத்துவார் யாருமில்லை. ஆனாலும் வாங்குகிறவர் ஒருவரையே நம்பி, பேச்சு முடிக்காமல் விதைத்தால், விலை சொல்லும் உரிமை அவர் கைக்குப் போய்விடும்.

ஆகவே விதைக்கும் முன்பே பேசுங்கள். பச்சைத் தழையா, காய்ந்த இலையா, கிலோவுக்கு என்ன விலை, வண்டிக்கூலி யாருடையது, பணம் எப்போது? எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். முதல் வருஷம் அரை ஏக்கர் போதும். முடிந்தால் ஒரு நாள் சாயச்சாலுக்கும் தறிக்கும் போய், உங்கள் தழை என்னவாகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அதன்பிறகு, மொட்டு கட்டினால் வெட்ட வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.