செய்யுட் பாடம் கசப்பதேன்?
(மாணவர் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிசு பெற்றவர்களைப் பெரியோர் பலரும் வாழ்த்தினர். யாம் பரிசு பெறாத பிள்ளைகளைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். ‘செய்யுட் பாடம் ஏறவில்லையே’ என்று மனமுடைந்து நிற்போர் நம் இல்லங்களிற் பலர் உளர். அவர்தம் துயரை யாம் அறிவோம்; யாமும் அவ்வழி வந்தவரே.

எமக்குப் பள்ளியிலே கம்பராமாயணத்தின் ஒரு பகுதி பாடமாயிருந்தது. சொற்கள் சந்தியாற் பிணைந்து கிடந்தன. ஒரு சொல் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றதென்பதே புலப்படவில்லை. கேட்டாலோ பிரம்புதான் விடை சொல்லும். ஆதலின் வினாவிடைப் புத்தகத்துப் பொழிப்புரையை நெட்டுருப் பண்ணித் தேறினோம். எம் இளவலுக்கு அந்த நெட்டுரு வாய்க்கவில்லை. ஓரிரவு அவன் பாட்டொன்றைக் காட்டிப் பொருள் கேட்டான். எமக்கே தெரியாதென்பதை மறைத்து, ‘உனக்குப் புத்தி மட்டு’ என்றோம். அவ்வாண்டு அவன் தமிழிலே தவறினான். பின்னர்ப் பள்ளிப் பக்கமே செல்லவில்லை. அச்சொல் இன்றும் எம் நெஞ்சைச் சுடுகின்றது.

தெரியாமை கற்றோர்க்கும் உண்டு. 1880-ஆம் ஆண்டிலே உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்றவர். சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவகசிந்தாமணியைப் பாடங்கேட்க விரும்பினார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய அந்நூலும், நச்சினார்க்கினியர் உரையும் அவ்விளம் புலவரைத் திணறச் செய்தன. அது சமண காவியம். அச்சமயக் கொள்கைகளை அவர் முன்பு பயின்றதில்லை. அவர் என் செய்தார்? அந்நகரத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று, மாணாக்கராய் இருந்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் அந்நூலை அச்சிட்டு உதவினார். ‘எமக்குத் தெரியாதது உண்டோ?’ என்று அவர் செருக்கியிருப்பின், அப்பதிப்பு அவர் கையால் வந்திராது.

ஆகவே பிள்ளைகளே! பாட்டு விளங்காமை புத்திக் குறைவன்று. அப்பாட்டின் உலகம் நமக்குப் பழக்கமில்லாமையே காரணம். முதலிற் பாட்டை வாய்விட்டு மும்முறை படியுங்கள். பின் சொற்களைப் பிரியுங்கள். முடிக்கும் வினையைக் கண்டுபிடித்து, ‘யார்? எதனை?’ என்று வினவுங்கள். உரையை அதன் பின்னரே திறவுங்கள். அப்போதும் விளங்காததைக் கூசாது கேளுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்பது தங்களுக்குத் தெரியாதாயின், ‘தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். அன்றிரவு யாம் அவ்வாறு சொல்லியிருப்பின், எம் இளவலும் இப்பிள்ளைகளைப் போல் ஒரு மேடை ஏறியிருப்பான். நம் வீடுகளில் இனியொரு பிள்ளைக்கேனும் அக்கதி நேராதிருக்க.