முகப்பு மட்டும் கட்டினால் வீடாகுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கம்ப்யூட்டரைப் பற்றியும் வெளிநாட்டு வேலைகளைப் பற்றியும் அருமையாகப் பேசினார்கள். நான் பேசப்போவது கால்பந்தைப் பற்றி. "இவன் படிக்கிற காலத்திலேயே கிளாஸ்ல இருந்ததைவிட கிரவுண்டுல இருந்ததுதான் ஜாஸ்தி" என்று முன்வரிசையில் எங்கள் சார் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. உண்மைதான் சார், மறுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன சந்திப்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார். "நம்ம பசங்க எத்தனையோ பேரு நல்ல நெலமையில இருக்கோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, காரைக்குடி பேர்ல ஒரு டீம் ஆரம்பிச்சு நேஷனல் லீக்ல எறக்கி விட்டா என்ன?" பந்தியில் இருந்த அத்தனை பேரும் "செய்வோம்ணே" என்றார்கள். அதில் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சந்தேகம் வந்தது. புது அணியைச் சேர்க்கிறோம் என்று சொல்கிறார்களே, சேர்த்த அணிகள் எல்லாம் இப்போது எங்கே?

எனக்கு வேலை கோயம்புத்தூரில். 2019 மார்ச் 9-ஆம் தேதி அங்கே நேரு ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். சென்னை சிட்டி எஃப்.சி.க்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன். தவறினால் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடலாம், அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரைக்கும் ஸ்டேடியமே உம்மென்று இருந்தது. பிறகு பெனால்டியில் மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு. மூன்றுக்கு ஒன்று! ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில், தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வாங்கியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

அந்த அணி லீக்குக்குள் வந்த கதையைக் கேளுங்கள். 2016-ல் கோவாவின் பழம்பெரும் கிளப்புகளான சல்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ மூன்றும் ஐ-லீக்கை விட்டு விலகின. காலியான இடத்தை நிரப்பப் புதிய அணிகள் தேவைப்பட்டன. அப்படி நேரடியாகச் சேர்க்கப்பட்டவைதான் சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும். அடுத்த பருவத்தில் சென்னை சிட்டி கோயம்புத்தூருக்கு இடம் மாறியது, மூன்றாவது பருவத்தில் சாம்பியன் ஆனது.

அதனால் புது அணியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அணி வந்திராவிட்டால் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும், வியாசர்பாடி நந்தகுமாரும், எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் நாடறிந்த ஆட்டக்காரர்களாக ஆவதற்கு அந்தக் கதவு திறந்திருக்காது. மூவருமே பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள்.

ஆனால் பட்டம் வாங்கி இரண்டே வருஷம். 2021-ல் உரிமத் தகுதி கிடைக்காமல் சென்னை சிட்டி லீக்கை விட்டு வெளியேறியது. நான் கத்திக் கூத்தாடிய அணி இன்றைக்கு லீக்கில் இல்லை.

இது ஒரு அணியின் கதை மட்டுமில்லை. 1996-ல் நேஷனல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-ல் கலைத்துவிட்டார்கள். 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட். 2010-ல் மூடிவிட்டார்கள். சென்னையிலிருந்து அந்த லீக்கில் ஆடிய இந்தியன் வங்கி அணியும் பிறகு கீழே இறங்கிவிட்டது. ஜெயித்தால் நிலைத்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். ஜெயித்தவர்களே நிலைக்கவில்லையே!

இப்போது நம் பாஷையில் ஒரு கணக்கு. தம்பிமார்கள் மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு சொந்த ஊரில் ஒரு தடவை, வெளியூரில் ஒரு தடவை ஆட வேண்டும். எட்டு அணி என்றால் 56 ஆட்டம். பத்து என்றால் 90. பதிமூன்று என்றால் 156. 2014-ல் எட்டு அணிகளுடன் தொடங்கிய ஐ.எஸ்.எல்., 2017-ல் பத்து ஆகி, 2024-25-ல் பதிமூன்றுக்கு வந்தது. அணிகள் கூடியது ஐந்து, ஆட்டங்கள் கூடியது நூறு. பயணச் செலவு, மைதானம், ரெப்ரீ, டி.வி. ஒளிபரப்பு என்று எல்லாப் பாரமும் அப்படித்தான் ஏறும். அந்தப் பாரத்தைத் தாங்குகிற அஸ்திவாரம் அதே வேகத்தில் பலப்பட்டதா? மாடி கட்டுவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்யச் சொல்லித்தானே இங்கே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

2025-ல் பார்த்தோம். லீக்கை நடத்தியவர்களுக்கும் அகில இந்திய ஃபெடரேஷனுக்கும் 2010-ல் கையெழுத்தான 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் தொடங்கவில்லை. ஆகஸ்டிலேயே பெங்களூரு அணி முதல் அணி வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. இரண்டு தடவை சாம்பியனான சென்னையின் எஃப்.சி.யும் அடுத்து அதே நிலைக்கு வந்தது. பதிமூன்று அணிகளின் பிழைப்பும் ஒரே ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் நமக்கெல்லாம் புரிந்தது.

வெளிநாட்டிலும் இந்தப் பாடம் உண்டு. அமெரிக்காவில் பீலேயே வந்து ஆடிய பழைய லீக் ஒன்று இருந்தது. 1978-ல் அவசர அவசரமாக 24 அணிகள் வரைக்கும் சேர்த்தார்கள். 1984 பருவத்தோடு லீக்கே மூடிவிட்டது. பிறகு 1996-ல் மேஜர் லீக் சாக்கர் பத்து அணிகளோடு தொடங்கியது. அதிலும் சேர்த்த வேகம் தாங்காமல் 2001 பருவம் முடிந்ததும் இரண்டு அணிகளைக் கலைத்தார்கள். அப்புறம் நிதானமாக ஏறி 2025-ல் 30-க்கு வந்தார்கள். ஜப்பானில் 1993-ல் பத்து அணிகள். இன்றைக்கு மூன்று படிகளில் 60 கிளப்புகள். அங்கே கிளப்புக்குக் கம்பெனி பெயர் அல்ல, ஊர் பெயர். சிறுவர் அணிகள் நடத்தினால்தான் லீக்கில் இடம். கீழே ஆடி ஜெயித்தால்தான் மேலே வரலாம்.

"ஜப்பானும் நாமும் ஒண்ணாப்பா?" என்று கேட்பீர்கள். சரி, நம் நாட்டுக்குள்ளேயே மிசோரமைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் அந்த மாநிலம் முழுவதற்கும் ஜனத்தொகை சுமார் 10.97 லட்சம். நம்ம சிவகங்கை மாவட்டத்துக்கு 13.39 லட்சம். ஆமாம், ஒரு மாநிலமே நம் மாவட்டத்தைவிடச் சின்னது. அங்கே 2012-ல் சொந்தமாக மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கினார்கள். உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஆட்டங்களைக் காட்டினார்கள். 2014-ல் சந்தோஷ் டிராபி அவர்களுக்குப் போனது. சென்னை சிட்டி உள்ளே வந்த அதே 2016-17 பருவத்தில், கீழே இறக்கப்பட்டிருந்த ஐஸ்வால் எஃப்.சி.க்கும் மறுபடி இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தின் சாம்பியன் யார் தெரியுமா? ஐஸ்வால்தான். 2024-25-லும் ஐ-லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சென்னை சிட்டிக்கும் ஐஸ்வாலுக்கும் ஒரே வருஷம்தான் கதவு திறந்தது. ஒருவருக்குப் பின்னால் ஊரே ஆடும் ஒரு லீக் இருந்தது. இன்னொருவருக்கு அது இல்லை.

செட்டிநாட்டில் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் வீடுகளில் முகப்பு உண்டு, வளவு உண்டு, இரண்டாம் கட்டு உண்டு, கடைசியில் அடுப்படி உண்டு. வருகிறவர்கள் போட்டோ எடுப்பது முகப்பை. குடும்பம் நடப்பது அடுப்படியால். அடுப்பு எரியாத எத்தனை பெரிய வீடுகள் நம்மைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கின்றன! தேசிய லீக்கில் ஒரு அணி என்பது முகப்பு. மாவட்ட லீக், பள்ளிக்கூட லீக், பயிற்சி பெற்ற ரெப்ரீ, புல் வளர்ந்த மைதானம், இவைதான் அடுப்படி.

நமக்கு வழிகாட்ட வெளியூர் ஆள் தேவையில்லை. 1940-களின் கடைசியில் தேசிய ஆய்வுக்கூடங்களை நாடெங்கும் அமைத்தபோது, பெரிய நகரங்களுக்கு நடுவே இந்தச் சின்ன ஊர் எப்படி இடம் பிடித்தது? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்வது. அதற்கு முன்பே, 1947-லேயே, இங்கே கல்லூரியைத் தொடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1948-ல் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறப்பு விழா. நடுவில் 1952-ல் பொறியியல் கல்லூரி. பணம் இருந்ததால் இடம் கிடைத்தது. சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் இருந்ததால் அது நிலைத்தது.

இப்போது சொந்தக் கதை ஒன்று. எங்கள் கல்லூரி அணியின் கோல் கீப்பர் தேவகோட்டைப் பக்கம். செம்மண் தரையில் இரண்டு பக்கமும் பாய்ந்து பாய்ந்து, முழங்கையில் தோல் இல்லாமல் திரிவான். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். வரிசையில் நின்ற பையன்களிடம் ஒருவர் பேரேட்டை வைத்துக்கொண்டு கேட்டார். "என்ன லீக் ஆடியிருக்கே?" இவன், "காலேஜ் டீம் சார்" என்றான். "அதைக் கேக்கலப்பா. லீக்?" எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் நாக்-அவுட் டோர்னமெண்ட். பதினாறு அணி வந்தால் எட்டு அணி ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடும். வருஷத்துக்கு நாலு ஆட்டம் ஆடுகிறவன், நாற்பது ஆட்டம் ஆடியவனோடு எப்படி நிற்பான்? அன்றைக்கு அவனைப் பந்தைத் தொடவே விடவில்லை. திரும்பி வரும்போது திருச்சி வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றைக்கு எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். நன்றாக இருக்கிறான், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மகள், ஏழாம் வகுப்பு. அவளும் கீப்பர். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். ஆகவே அந்தப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் உச்சி இருக்கிறது. நடுவில் படிதான் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். அண்ணன் சொன்ன பணத்தைத் திரட்டுவோம். அதில் இப்போதைக்கு தேசிய அணி வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, திருப்பத்தூர், மானாமதுரை, இளையான்குடி, சிங்கம்புணரி, காளையார்கோவில், ஊருக்கு ஒன்றாக எட்டு அணி. பதினைந்து வயதுக்கு உட்பட்டோர், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சனி ஞாயிறில் நாலு நாலு ஆட்டம் வைத்தால் 56 ஆட்டம் பதினான்கு வாரம். ஜூன் கடைசியில் தொடங்கி, காலாண்டுப் பரீட்சைக்கு இரண்டு வாரம் விட்டாலும் தீபாவளிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினான்கு ஆட்டம் நிச்சயம், தோற்றாலும் அடுத்த வாரம் உண்டு. மாணவத் தம்பி தங்கைகள் ரெப்ரீ பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும், ஆட்டக் கணக்கு எழுத வேண்டும். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

ஒன்பதாவது அணி கேட்டு வருவார்கள், நிச்சயம் வருவார்கள். அப்போது மூன்று கேள்வி கேட்போம். சொந்த மைதானம் இருக்கா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அணி இருக்கா? ஒரு ரெப்ரீயைத் தயார் பண்ணிட்டீங்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சேர்ப்போம். இப்படிப் பத்து வருஷம் நடத்திவிட்டு, அண்ணன் சொன்ன காரைக்குடி அணிக்கு மனு போடுவோம். அப்போது எந்தக் கதவு திறந்தாலும் உள்ளே போய் உட்காரத் தெம்பு இருக்கும்.

நாலைந்து வருஷம் கழித்து இந்தப் பிள்ளை ஏதோ ஒரு ஊரில் வரிசையில் நிற்பாள். பேரேட்டோடு ஒருவர், "என்ன லீக் ஆடியிருக்கேம்மா?" என்று கேட்பார். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். அதை அவளுடைய அப்பாவால் கொடுக்க முடியவில்லை, தனியாக என்னாலும் முடியாது. இந்த மண்டபத்தில் இருக்கிற நாம் எல்லோரும் சேர்ந்தால் முடியும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பந்தியில் அண்ணன் பக்கத்தில் எனக்கு ஒரு இலை போட்டு வையுங்கள், மிச்சத்தை அங்கே பேசிக்கொள்கிறோம்.