சிஸ்டர் சொன்னால் நிற்க வேண்டும்



2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலைன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு குழந்தைகளின் தாய். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைபட்டது. குழாய் உள்ளே போகவில்லை, முகமூடியும் கைகொடுக்கவில்லை. அனுபவம் மிக்க மூன்று நிபுணர்கள் குழாய் செலுத்துவதிலேயே மும்முரமாக இருந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, இருபது நிமிடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அறையிலிருந்த செவிலியர்களுக்குப் புரிந்திருந்தது. ஒருவர் தொண்டையில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, தயார் என்று அறிவித்தார். இன்னொருவர் ஐசியூவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். நிபுணர்கள் பார்த்த பார்வையில் தயங்கிப்போய், அந்தப் படுக்கையை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எலைன் 13 நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி விமானி. வழக்குப் போடவில்லை, என்ன நடந்தது என்று விசாரியுங்கள் என்றுதான் கேட்டார். இளையவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்ற பாடம் விமானத்துறைக்குப் பழையது. 1977இல் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். முன்னால் இருக்கும் விமானம் விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினீயர் சந்தேகப்பட்டுக் கேட்டார். விலகிவிட்டது என்று மூத்த கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டார். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் குரல் கொடுப்பதும் மூத்தவர் காதுகொடுப்பதும் விமானிகளின் பயிற்சியில் சேர்ந்தன.

அடுத்தவர் சொல்வதைக் கேட்பதும் மரியாதைதான். மருத்துவமனைகளோ மரியாதையைச் சிரித்த முகத்தோடும் கனிவான பேச்சோடும் நிறுத்திக்கொள்கின்றன. சுவரில் அதற்கொரு போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

போஸ்டரைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அப்போது ஐசியூ நிபுணராக இருந்த பீட்டர் புரோனோவாஸ்ட், பெரிய ரத்தக்குழாயில் செருகும் சென்ட்ரல் லைன் வழியே தொற்று வராமலிருக்க ஐந்து படிகளைப் பட்டியலிட்டார். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்வது, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது என்று எல்லாம் தெரிந்த சங்கதிகளே. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் அவரை அங்கேயே நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குக் கிடைத்ததுதான் புதிது. மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்கள் இதைக் கையிலெடுத்தன. 1,000 லைன் நாட்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006இல் அந்த ஆய்வு வெளியானது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலையும் பாருங்கள். கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் பட்டியல் நடைமுறைக்கு வந்த பிறகு, 2014இல் வந்த ஆய்வு சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றத்தையும் காணவில்லை. காரணம் பற்றிய சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு யாரும் யாரிடமும் வாய் திறக்காத ஓ.டி. எப்படியிருக்கும் என்பதை ஹவுஸ் சர்ஜன்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆபத்தைச் சுட்டிக்காட்டும் குரல் ஊழியர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2017இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டம், அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளின் தரத்தை அளக்கும்போது, தாய் மரியாதையாக நடத்தப்படுகிறாரா, துணைக்கு ஒருவர் இருக்க முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. “டாக்டரம்மா, ரத்தம் நிறையப் போகுது” என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் அந்தத் துணைதான். பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, செவிலியர்களே, அடுத்த மாதம் இரவு டியூட்டியில் அவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். கேஸ் ஷீட்டை மூடிவைத்துவிட்டு அவரோடு எழுந்து போங்கள்.