அது வாய்வு அன்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேச வேண்டிய மேடையில் இவன் வயிற்றுவலியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று சிலர் நகைக்கக்கூடும். நான் புலவன் அல்லன், மருத்துவனும் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆயினும், என் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழை உங்கள் இல்லங்களில் நேர்ந்துவிடக் கூடாது என்னும் எண்ணமே என்னை இங்கே நிறுத்தியிருக்கின்றது.

என் துணைவியாருக்கு ஈராண்டுக் காலம் அவ்வப்போது இரவில் வயிற்றுவலி வரும். பெரும்பாலும் விருந்துண்ட நாட்களில் வரும். வலப்பக்க விலாவின் கீழே தொடங்கி முதுகுக்கும் வலத் தோளுக்கும் பரவி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். “வாய்வுதான், ஓமநீர் குடித்தால் சரியாகிவிடும்” என்பார். நானும் அவ்வாறே நம்பினேன். பிறகு ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறினார். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்றோம். பொங்கல் கழியட்டும் என்றோம். இதற்கிடையில் கே.ஆர். மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கி வந்து, எட்டுத் திங்கள் சாறு பிழிந்து கொடுத்தேன்.

என் அறியாமை அங்கேதான் இருந்தது. கல் என்றால் எல்லாம் ஒரே கல் என்று எண்ணிவிட்டேன். சிறுநீரகக் கல் வேறு, பித்தக்கல் வேறு. வாழைத்தண்டுச் சாறு நீரைப் பிரிக்கும் என்பர். ஆனால் பித்தப்பை நீர் பிரியும் வழியிலேயே இல்லை.

நம் கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. அந்நீர் பிரதான குழாய் வழியே குடலுக்குச் செல்கின்றது. அக்குழாயின் பக்கத்தில், ‘லூப் லைன்’ போலக் கிளைத்து நிற்பதே பித்தப்பை. 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கொள்ளும் அச்சிறு பை, பித்தநீரைத் தேக்கிச் செறிவாக்கி வைத்து, நாம் கொழுப்புணவு உண்ணும்போது சுருங்கி வெளியே தள்ளுகின்றது. பித்தநீரில் கொலஸ்டிரால் அளவுக்கு மிஞ்சினாலோ, நிறமிப் பொருள் மிகுந்தாலோ, பை சரிவரச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, அது படிந்து கல்லாகின்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் மிகுதி. பிள்ளைப்பேறு, உடற்பருமன், நாற்பதைக் கடந்த வயது, நீரிழிவு, குடும்ப வழி, பட்டினி கிடந்து விரைவில் உடல் இளைத்தல் ஆகியவையும் காரணங்களாகும்.

நம் இரயில்வேக்கும் இந்நோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர், இந்திய இரயில்வே ஊழியர்களிடையே இந்நோயை ஆராய்ந்து, 1968-ஆம் ஆண்டில் ‘கட்’ என்னும் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். தென்னாட்டு ஊழியரைவிட வடநாட்டு ஊழியரிடையே இது ஏழு மடங்கு மிகுதி என்று அவர் கண்டார். இதைக் கேட்டு, “நாம் தெற்கத்தியார், நமக்கு வராது” என்று யாரும் இருந்துவிட வேண்டா. குறைவு என்பது இல்லை என்பதாகாது. என் இல்லத்திலேயே வந்ததே!

பித்தப்பையில் கல் இருப்போரில் மிகப் பலருக்கு அது வாழ்நாள் முழுதும் தொல்லை தருவதில்லை. வேறொன்றுக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும் அத்தகைய கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம் என்பர் மருத்துவர். ஆனால் வலி தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. கல் லூப் லைனை விட்டுப் பிரதான பாதையில் இறங்கி அடைத்துக்கொண்டால் மஞ்சட்காமாலை வரும். கணையத்தின் குழாயும் அதே சந்திப்பில்தான் வந்து சேர்கின்றது. ஆகவே அங்கே கல் அடைத்தால் கணையமே வெந்து வீங்கும். அது உயிருக்கே கேடாக முடியலாம்.

எங்களுக்கு நேர்ந்தது அதுவே. ஒரு நள்ளிரவில் வலி அடங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை. விடிவதற்குள் கண்கள் மஞ்சளித்தன. பதினெட்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். வாய் வழியே குழாய் செலுத்திக் கல்லை எடுத்தார்கள். வீக்கம் தணிந்த பிறகு பித்தப்பையை நீக்கினார்கள். அந்நாட்களில், இரயில்வே மருத்துவ அட்டை என் சட்டைப்பையிலேயே கிடந்ததை எண்ணி எண்ணி வெட்கினேன். செலவுக்கு அஞ்சவேண்டிய நிலையும் எனக்கில்லை. ஒத்திப்போட்டது ஒன்றே குற்றம்.

கல்லை மட்டும் எடுத்தால் போதாதா, பையை ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்பீர்கள். பை இருக்கும்வரை கல் மீண்டும் உண்டாகும். இதை உணர்ந்த கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர், 1882-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பெர்லினில், பதினாறு ஆண்டுகள் இவ்வலியால் வாடிய 43 வயதினர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக நீக்கினார். அன்று வயிற்றை நீளமாகக் கீற வேண்டியிருந்தது. இன்று மூன்று நான்கு சிறு துளைகள் வழியே செய்கின்றனர். நம் நாட்டில் இம்முறையை 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தொடங்கிவைத்தவர் டெகம்டன் உட்வாடியா. சிக்கலில்லாதவர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகின்றனர். பை இல்லாவிடினும் பித்தநீர் நேரே குடலுக்குச் செல்லும், செரிமானம் நடக்கும்.

கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்டு. ஆயின் அது சிறு கொலஸ்டிரால் கற்களுக்கே ஓரளவு உதவும். பல திங்கள் பிடிக்கும். நிறுத்தினால் கல் மீளவும் கூடும். எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் விழுந்துவிடும் என்பாரையும் நம்பவேண்டா. வெளிவருவது கல் அன்று. அந்த எண்ணெயே குடலில் திரண்ட கட்டி.

தாய்மார்களே! உங்களிடம் தனியே ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் சோறு பரிமாறிவிட்டு, உங்கள் வலியை வாய்வு என்று சொல்லி மறைத்துக்கொள்கின்றீர்கள். ஆடவர்களே! நாமும் அது வாய்வாகவே இருக்கட்டும் என்று விரும்புகின்றோம். அலுவலகத்துக்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை அல்லவா? உணவுக்குப் பின் வலி மீண்டும் மீண்டும் வந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வலி ஐந்தாறு மணி நேரம் நீடித்தாலோ, காய்ச்சலும் குளிரும் கண்டாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் கூலித்தொழிலாளர்க்கும் சொல்லுங்கள். விக்டோரியா, பௌரிங் முதலிய அரசு மருத்துவமனைகள் இந்நகரிலேயே இருக்கின்றன.

என் துணைவியார் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து, இதை ஏன் ஊரறியச் சொல்கின்றீர்கள் என்பதுபோல் என்னைப் பார்க்கின்றார். அவர் பிழைத்து வந்து அப்படிப் பார்ப்பதனால்தான் சொல்ல முடிகின்றது.